குறை: ஏதும் இல்லை

முகாமின் கடைசி நாளன்று பெற்றோர் காலை ஒன்பது மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. பிள்ளைகளை ஒப்படைக்கும் விழா மாலை நான்குக்கு. நடுவில் இருந்த ஏழு மணி நேரமும் பெற்றோருக்கான பயிற்சி.

லிஃப்ட் மெக்கானிக் எட்டே முக்காலுக்கே வாசலில் நின்றார். தோளில் வேலைப் பை தொங்கியது. லீவு எடுத்திருந்தாலும் அந்தப் பை இல்லாமல் கிளம்பினால் அவருக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பது போலிருக்கும்.

வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி யாருடைய பெயரையும் கேட்கவில்லை. பிள்ளையின் எண்ணைக் கேட்டார். எண்ணைச் சொன்னதும் ஒரு பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து ஊக்கு மாட்டி, வந்தவரின் நெஞ்சில் குத்திவிட்டார். மெக்கானிக்குக்கு முன்னால் நின்ற அம்மாளின் அட்டையில் ‘நகம் கடிப்பவளின் தாய்’ என்று அச்சாகியிருந்தது. அவருக்கு முன்னால் போன தம்பதிக்கு ‘சோம்பேறியின் தந்தை’, ‘சோம்பேறியின் தாய்’ என்று தனித்தனியாக இரண்டு.

“எண்பத்தி ஏழு,” என்றார் மெக்கானிக்.

காவலாளி பெட்டியைத் துழாவினார். எண்பத்தேழாம் அட்டை இருந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

“என்ன சார், உங்களுது காலியா இருக்கு? பிள்ளைக்கு என்ன குறைன்னு எழுதிக் கொடுத்தீங்க?”

“ஞாபகம் இல்லைங்க.”

“இப்போதைக்கு இதையே குத்திக்குங்க. யாராவது கேட்டா அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.”

உள்ளே கொட்டகையில் நூற்றுச் சொச்சம் நாற்காலிகள். ஒலிபெருக்கியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் முகபாவப் பயிற்சியாளர். பிள்ளைகள் மேடைக்கு வந்து தங்கள் மாற்றத்தைக் காட்டும்போது பெற்றோரின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித் தருவது அவள் வேலை.

“முதல்ல ஆச்சரியம். அப்புறம் கை நெஞ்சுக்குப் போகணும். கடைசியாத்தான் கண்ணீர். போன வருஷம் நிறைய பேர் நேரா கண்ணீருக்குப் போயிட்டாங்க. வீடியோவுல நல்லாவே இல்ல. எங்க, ஆச்சரியம்!”

நூறு பேர் வாயைத் திறந்தார்கள்.

“கடைசி வரிசை, பை வெச்சிருக்கற சார். உங்க முகத்துல ஒண்ணும் வரல.”

“வரும்போது வரும்மா,” என்றார் மெக்கானிக்.

பதினான்கு மாதமாக வரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. மனைவி இறந்து பதினான்கு மாதம். அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போனார், வந்தார், தட்டில் இருப்பதைச் சாப்பிட்டார். பசித்துச் சாப்பிட்டதாக ஞாபகமில்லை. வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது ஒன்பது வயது மகளுடையது. காலையில் பல் விளக்கும்போது பற்பசைக் குழாயில் உள்ளதை முழுவதும் சத்தமாகப் படிப்பாள். தெருவில் நடந்தால் இரண்டு பக்கப் பெயர்ப்பலகைகளையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கருத்துச் சொல்வாள். கட்டடத்தில் எல்லாரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். “பிள்ளைக்கு ஒரு மாறுதல் வேணும் மாமா. நீங்களும் இப்படியே இருக்கீங்க,” என்று சொல்லி முகாமுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தது மனைவியின் தங்கை.

பக்கத்து நாற்காலியில் ‘கோபக்காரனின் தந்தை’ உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு. காலி அட்டையை அவர் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பிள்ளைக்கு என்ன சார்?”

“ஒண்ணும் இல்லைங்க.”

“ஒண்ணும் இல்லாமயா மூணு வாரம் கொண்டாந்து விட்டீங்க? என் பையனுக்கு நான் நாலு எழுதினேன். படிவத்துல ஒண்ணுக்குத்தான் இடம் இருந்துச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் படிவத்தையே கிழிச்சிருப்பேன்.”

அப்போது ஒலிபெருக்கியில் எண்பத்தேழின் தந்தையை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

அலுவலகத்தில் மாற்ற அலுவலர் என்று பலகை வைத்த மேசைக்குப் பின்னால் ஒரு பெண்மணி கோப்பைத் திறந்து வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் கோப்பில் மூன்று தாள். முதல் தாள் குறை. இரண்டாவது பயிற்சி. மூன்றாவது மாற்றம். எண்பத்தேழாம் கோப்பில் முதல் தாள் மட்டும் இருந்தது.

“இது உங்க கையெழுத்துதானே?”

மெக்கானிக் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். ‘குறை’ என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே, ‘ஏதும் இல்லை. சீராக இயங்குகிறது’ என்று எழுதியிருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் படிவத்தை அவர் ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து நிரப்பினார். வாரத்துக்கு நாற்பது லிஃப்டுகளைப் பார்த்து நாற்பது பதிவேடுகளில் இதையே எழுதுகிற கை அது. குறை என்ற சொல்லைக் கண்டால் தானாக எழுதும். அந்தத் தொழிலில் சிலர் லிஃப்டைப் பார்க்காமலே மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுண்டு. பதினேழு வருடத்தில் அவர் அப்படி ஒரு தடவைகூடப் போட்டதில்லை. பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். மகளையும் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தார்.

“பழக்கத்துல எழுதிட்டேன் மேடம். ஆனா தப்பா ஒண்ணும் எழுதல.”

“சார், குறை இருந்தாத்தான் நாங்க பயிற்சி ஆரம்பிக்க முடியும். ஆரம்பிச்சாத்தான் முடிக்க முடியும். முடிச்சாத்தான் மூணாவது தாள். மூணாவது தாள் இருந்தாத்தான் வெளியேறும் சீட்டு அச்சடிக்கும். நான் விட்டாலும் கம்ப்யூட்டர் விடாது.”

“அப்ப இத்தனை நாள் என் பொண்ணு என்ன செஞ்சா?”

“காத்திருப்பு அறையில பத்திரமா இருக்கா.”

“மூணு வாரமாவா?”

“சாப்பாட்டுக்கு வெளிய விட்டோம்.” அலுவலர் ஒரு தாளைப் புரட்டினார். “குளிக்கவும்.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்.”

“முகாம் நடக்கும்போது பெற்றோரைத் தொடர்புகொள்ளக் கூடாதுன்னு விதி. பெற்றோர் கவலைப்படுவாங்க இல்லையா?”

மெக்கானிக் கோபப்பட்டிருக்க வேண்டும். அதற்கான இடம் இதுதான் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் பொத்தானை அமுக்கியும் விளக்கு எரியாத மாதிரி உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. மகளைப் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார். கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நிற்கலாம், பேசக் கூடாது என்றார் அலுவலர்.

காத்திருப்பு அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளேயிருந்து ரேடியோவின் குரல் கேட்டது.

“தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. ஏன்? எங்க அப்பா பாத்துக்கற லிஃப்டா இருந்தாலுமா? அதையும் எழுதிப் போட்டிருக்கலாம் இல்ல?” கொஞ்சம் இடைவெளி. “ஏய் ஃபேன், நீ ஏன் கிர்ருங்கற? உனக்கு பேரிங் போயிடுச்சு. இரு, எங்க அப்பா வரட்டும், சொல்றேன்.”

யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் மெக்கானிக் முதலில் செய்வது கதவருகே வாய் வைத்துக் குரல் கொடுப்பதுதான். பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், பேசிட்டே இருங்க என்பார். பேச்சு நிற்காமல் இருந்தால் உள்ளே இருப்பவர் நன்றாக இருக்கிறார் என்று பொருள். இப்போதும் அவர் கதவருகே குனிந்தார். அலுவலர் உதட்டில் விரல் வைத்தார். மெக்கானிக் நிமிர்ந்துவிட்டார்.

ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்குப் பசித்தது.

“போன தடவையும் இப்படி ஒரு அம்மா,” என்றார் அலுவலர், திரும்பி நடக்கும்போது. “குறையே இல்லைன்னு ஒத்தைக்கால்ல நின்னாங்க. பையன் பதினோரு நாள் கூடுதலா இருந்தான். அப்புறம் அவங்களே நல்ல குறையா ஒண்ணு எழுதிக் கொடுத்தாங்க. நீங்களும் எழுதிடுங்க சார். இன்னிக்கே துரிதப் பயிற்சி கொடுத்து முடிச்சுடலாம்.”

ஒரு கண்ணாடித் தாள் ஒட்டிய பட்டியலை அவர் கையில் கொடுத்தார். அதில் அறுபத்திரண்டு குறைகள் அகரவரிசையில் இருந்தன. கூச்சம் இருந்தது, கூச்சமின்மையும் இருந்தது. கேள்வி கேட்டல், கேள்வி கேளாமை. அதிகப் பசி, பசியின்மை. மெக்கானிக் பட்டியலை இரண்டு தடவை படித்தார். அவருக்குப் பொருந்துகிற குறைகள் சில தென்பட்டன. மகளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“அவகிட்ட இல்லாததை எப்படி மேடம் எழுதறது?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் தனக்கு இல்லை என்று அலுவலர் அவரை இயக்குநரிடம் அழைத்துப் போனார்.

இயக்குநர் மாலை விழாவுக்கான உரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் முழுவதும் சட்டம் போட்ட வரைபடங்கள். எல்லாவற்றிலும் கோடு உச்சியில் கிடைமட்டமாக ஓடியது. அவர் மெக்கானிக்கை அன்போடு உட்காரச் சொன்னார்.

“உங்க நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பத்தொன்பது வருஷமா இந்த முகாம் நூத்துக்கு நூறு மாற்றம் காட்டுது. ஆரம்பத்துல அப்படி இல்ல. அப்பெல்லாம் நாங்க பிள்ளைங்களை மாத்திட்டிருந்தோம். ரொம்ப சிரமம். ஒருத்தன் மாறுவான், ஒருத்தன் மாற மாட்டான். மாறினவனும் ரெண்டே மாசத்துல பழையபடி ஆயிடுவான். அப்புறம்தான் எங்களுக்குப் புத்தி வந்து படிவத்தை மாத்தினோம். அன்னிக்கு ஏறின கோடு, இன்னிக்கு வரைக்கும் இறங்கல.” அவர் சுவரைக் காட்டினார். “இருக்கற குறையைப் போக்கறது இருக்கே, அது பெரிய பாடு. இல்லாத குறைன்னா சாயங்காலத்துக்குள்ள போயிடும். அதனால உங்க பொண்ணுகிட்ட இல்லைங்கறது எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்ல.”

“அப்ப இப்படியே விட்டுடலாமே சார்.”

“அது முடியாது. குறையில்லாத பிள்ளை ஒண்ணு இந்த வாசல்ல வெளிய போச்சுன்னா, மத்த நூறு பேரும் என்ன நினைப்பாங்க? பணிவாச் சொல்றேன், பிள்ளையில குறை பாக்கத் தெரியாதது பெற்றோர் குறை. அதுக்கும் எங்ககிட்ட ஒரு முகாம் இருக்கு. நாப்பது நாள். உள்ளேயே தங்கணும்.”

சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால். மெக்கானிக் தன் பையைப் பார்த்தார். அதில் எல்லா அளவிலும் ஸ்பேனர்கள் இருந்தன. எதுவும் இதற்குப் பொருந்தாது. பள்ளி ஆசிரியை முன்னேற்ற அறிக்கையில் எழுதிய ஒரு வரி ஞாபகம் வந்தது. யாருக்கும் கெடுதல் இல்லாத வரி. அதை எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போய்விடலாம்.

“நிறைய பேசுவா சார்,” என்றார்.

“அருமை. பட்டியல்ல நாப்பத்தி எட்டு. எழுதிடுங்க.”

எழுதினார். பதினான்கு மாதமாக அந்த வீட்டில் இருந்த ஒரே சத்தத்தைக் குறை என்ற இடத்துக்கு எதிரே எழுதிக் கையெழுத்தும் போட்டார். புதிய அட்டை இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழுந்தது. அலுவலரே குத்திவிட்டார். ‘வாயாடியின் தந்தை’.

மூன்று வாரப் பயிற்சியை நாற்பது நிமிடத்தில் முடித்தார்கள். என்ன பயிற்சி என்று மெக்கானிக்கிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு விழா தொடங்கியது. இருட்டுக்குப் பயப்பட்டவன் தலையில் கறுப்புத் துணியைப் போட்டு மூடி நிறுத்தினார்கள். அவன் துணிக்குள்ளிருந்து “எனக்குப் பயமில்லை, எனக்குப் பயமில்லை” என்று மேடையிலிருந்து கீழே இறக்கிவிடும்வரை சொன்னான். நகம் கடிப்பவள் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். பத்திலும் ஒட்டுப்பட்டை சுற்றியிருந்தது. கோபக்காரனின் தொப்பியை இரண்டு பயிற்சியாளர்கள் மாறி மாறிப் பிடுங்கி எறிந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். மெக்கானிக்கின் பக்கத்து நாற்காலி சட்டென்று காலியானது.

“எவன்டா அவன், என் பையன் தொப்பியைத் தொட்டது? டேய், கீழ இறங்குடா!”

“சார், ஆச்சரியம்! முதல்ல ஆச்சரியம்!” என்று பயிற்சியாளர் கெஞ்சினாள். இரண்டு காவலாளிகள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேடையில் பையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக எண்பத்தேழு.

ரேடியோ நடு மேடைக்கு வந்து நின்றாள். மூன்று நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். தொகுப்பாளர் கேள்வி கேட்பார்.

“பாப்பா, உனக்குப் பிடிச்ச கலர் என்ன?” பேசவில்லை. “முகாம் எப்படி இருந்துச்சு?” பேசவில்லை. “அப்பா வந்திருக்காரே, எங்க இருக்காரு, சொல்லு பார்ப்போம்?”

அவள் கண்கள் வரிசை வரிசையாகத் தேடி வந்து கடைசி வரிசையில் நின்றன. முகத்திலிருந்து இறங்கி நெஞ்சுக்குப் போயின. எந்தப் பலகையையும் படிக்காமல் விட்டவள் இல்லை அவள். இரண்டு சொற்கள். உதடு இரண்டையும் படித்தது. சத்தம் வரவில்லை.

மெக்கானிக்கின் கை தானாக நெஞ்சுக்குப் போய் அட்டையை மூடியது. பயிற்சியாளர் தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். கொட்டகை முழுவதும் கைதட்டியது.

வெளியேறும் சீட்டோடு ஒரு மாற்ற உறுதி அட்டையும் கொடுத்தார்கள். முப்பது கட்டங்கள். ஒவ்வொரு நாள் மாலையும் குறை திரும்பியதா என்று பார்த்து ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். அலுவலர் மகளின் தலைக்கு மேலாகவே விளக்கினார்.

“ஒரு நாள் திரும்பினாலும் எழுதிடுங்க சார். அடுத்த முகாம்ல இவளுக்கு இடம் தயாரா இருக்கும். அதே அறையே கொடுத்துடலாம்.”

பேருந்தில் ரேடியோ சன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு மருந்துக்கடை போனது, ஒரு பல் மருத்துவர் போனார், ‘இங்கு சாவிகள் செய்து தரப்படும்’ போனது. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. மெக்கானிக் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார். “பசிக்குதா?” என்று கேட்டார். தலையாட்டினாள். “தண்ணி வேணுமா?” தலையாட்டினாள். ஆமாவா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

கட்டட வாசலில் தரைத்தள மாமி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வாடி ரேடியோ! என்ன, பேட்டரி தீந்துபோச்சா?” பதில் வராததைக் கண்டு மெக்கானிக்கிடம் திரும்பினார். “பரவாயில்லையே, அடக்கமா ஆக்கிட்டாங்களே. நல்ல முகாமா இருக்கே. என் பேரனுக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கித் தாங்களேன்.”

லிஃப்டில் ஏறினார்கள். அவர்கள் வீடு ஏழாவது மாடி. வழக்கமாக ஒவ்வொரு மாடியையும் ரேடியோ அறிவிப்பாள், அங்கே இறங்கக்கூடியவர்கள் யார், அவர்கள் வீட்டில் இன்றைக்கு என்ன சண்டை என்பது உட்பட. அந்த லிஃப்டைப் பராமரிப்பதும் மெக்கானிக்தான். அதன் மோட்டார் சத்தம் உள்ளே இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அவர் சாவியை எடுத்துப் பொத்தான் பலகையைத் திறந்து உள்ளிருந்த சுவிட்சை இறக்கினார். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. தரையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“பயப்படாதே. நான் இருக்கேன்,” என்றார். “பேசிட்டே இரு.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, கதவைப் பார்த்துவிட்டு, காற்றை விடவும் மெல்லிய குரலில் கேட்டாள்.

“பேசினா திரும்ப அங்க கொண்டுபோய் விட்டுடுவே இல்ல? நீதானே எழுதிக் கொடுத்தே?”

“ஆமா. நான்தான் எழுதினேன்.”

பைக்குள் கையை விட்டு மாற்ற உறுதி அட்டையை எடுத்தார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். முதல் கட்டத்தில் ‘இல்லை’க்கு ஒரு குறி போட்டார். இரண்டாவதில் போட்டார். வேகமாகப் போட்டுக்கொண்டே போனார். பதினேழு வருடத்தில் அவர் பார்க்காமல் எழுதிய முதல் பதிவேடு அது. கீழே கையெழுத்துப் போட்டு, அட்டையை அவள் மடியில் வைத்தார்.

“முடிஞ்சுபோச்சு. முப்பது நாளும் நீ ஒரு வார்த்தை பேசல. எழுதியாச்சு. இனி யாரும் கேக்க மாட்டாங்க.”

அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். மேலிருந்து கீழாக விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இருபத்தி மூணுல டிக் போடல நீ.”

வாங்கிப் பார்த்தார். விட்டுத்தான் போயிருந்தது. போட்டார்.

“இப்படித்தான் எல்லாத்தையும் அவசரத்துல செய்வே,” என்றாள் ரேடியோ. குரல் இன்னும் முழுதாக வரவில்லை, கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். “அப்பா, அந்த ரூம்ல ஃபேனுக்கு பேரிங் போயிடுச்சு. நான் சொன்னேன், அவங்க நம்பல. நீ கேட்டிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். அப்புறம் அந்தச் சுவர்ல ஒரு போர்டு இருக்கு, அதுல லிஃப்டைப் பத்தி என்ன எழுதியிருக்கு தெரியுமா?”

கீழே யாரோ லிஃப்ட் கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். தட்டட்டும் என்று இருந்தார் மெக்கானிக். அவருக்குப் பசித்தது.